16 சென்டிமீட்டர் உயரம்

பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தான் கார் மாற்றப்போகிறேன் என்று சொல்லத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. பழைய செடானுக்கு 12 வயது. தினமும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வர அதுதான். மாதம் ஒருமுறை திருச்செந்தூர். அக்கா பிடிவாதம் பிடித்தால் வருடத்துக்கு ஒருதரம் கொடைக்கானல். அத்தானின் அம்மாவையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர்.

"மாப்ளே, நீ சயின்ஸ் எல்லாம் எழுதுற ஆளு. எஸ்யூவி எடுக்கவா, பழையபடி டிக்கி வச்ச காரே எடுக்கவா? ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெளிவு இல்லை. ஆனால் கேள்வியைச் சுருக்க முடிந்தது. பெரிய எஸ்யூவியையும் சின்ன செடானையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒப்பீடே வராது. யானையையும் ஆட்டையும் ஒரே தராசில் ஏற்றிய கதைதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு வேண்டும். அப்படி இருக்கின்றன: ஹூண்டாயின் கிரெட்டாவும் வெர்னாவும். இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பிறப்பவை. இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள். இரண்டிலும் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. ஒன்று எஸ்யூவி என்று விற்கப்படுகிறது, மற்றது செடான்.

அளவுகளைப் பாருங்கள். 2023-இல் வந்த வெர்னாவின் நீளம் 4535 மில்லிமீட்டர், உயரம் 1475. 2024-இல் வந்த கிரெட்டாவின் நீளம் 4330, உயரம் 1635. அகலத்தில் இரண்டுக்கும் இடையே 25 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 'பெரிய வண்டி' என்று நாம் நினைக்கும் எஸ்யூவி உண்மையில் 20 சென்டிமீட்டர் குட்டை. நெருக்கடியான தெருவில் திருப்புவதற்கும் வீட்டு வாசலில் நிறுத்துவதற்கும் அதுவே சுலபம். கூடுதலாக இருப்பது உயரம் மட்டும். 16 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. அத்தானைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி முழுவதும் இந்த 16 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டியின் கூடுதல் தீர்வையில் எஸ்யூவிக்குத் தனி விகிதம் இருந்த காலத்தில் அதற்கு ஓர் இலக்கணமும் வைத்திருந்தார்கள்: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சிசிக்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். கிரெட்டாவின் எஞ்சின் 1500 சிசியைத் தாண்டாததால் வரிக்காரர் கண்ணில் அது எஸ்யூவியே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கூடுதல் தீர்வையே போய்விட்டது. பெயரை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது என்பதற்காகச் சொன்னேன்.

முதலில் மைலேஜ். எல்லோரும் கேட்பது அதைத்தான்.

ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி எழுவதால் வரும் தடை ஒன்று. இது வண்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஆள் ஏறிய கார் 1400 கிலோ என்றால் 14 கிலோ எடையைக் கயிறு கட்டி இழுப்பதற்குச் சமம். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. மற்றது காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. காற்றைக் கிழிக்கும் முகப்பின் பரப்பளவும் வடிவத்தின் வழுவழுப்பும் அதைத் தீர்மானிக்கின்றன. உயரமான வண்டிக்கு முகம் பெரிது. பின்பக்கமும் வெட்டிவிட்டதுபோல் நிற்கிறது. காற்று பின்னால் மெல்லச் சேர்ந்துகொள்ள வழியில்லாமல் பிய்ந்து சுழன்று வண்டியைப் பின்னுக்கு உறிஞ்சுகிறது. எஸ்யூவியின் பின்கண்ணாடியில் அவ்வளவு தூசி படிவதும், அதற்கு ஒரு வைப்பர் தேவைப்படுவதும் அந்தச் சுழலால்தான். செடானின் பின்கண்ணாடி சரிந்து டிக்கியோடு சேர்வதால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

வழக்கமான அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் செடான் காற்றோடு போராடுவது சுமார் 30 கிலோ எடையை இழுப்பதற்குச் சமம். எஸ்யூவிக்கு 42 கிலோ வருகிறது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே கணக்கு முறையே 3 கிலோ, 4 கிலோ என்று சுருங்கிவிடுகிறது. வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றி ஊர்ந்துபோகும் காருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே பெட்ரோலைத் தின்பது பிரேக். வண்டியைக் கிளப்பி வேகம் ஏற்றுகிறோம், அடுத்த சிக்னலில் அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கில் சூடாக்கி வீசுகிறோம். எடை கூடக் கூட வீசுவதும் கூடும். 2 டன்னைத் தொடும் பெரிய எஸ்யூவிகள் ஊருக்குள் திணறுவது அதனால்தான். எடை நெருக்கமாக உள்ள நம் இரட்டையருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை.

நிறுவனம் அறிவித்த சோதனை அளவுகளும் இதையே சொல்கின்றன. டர்போ எஞ்சினும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியும் கொண்ட வெர்னாவுக்கு லிட்டருக்கு 20.6 கிலோமீட்டர், அதே எஞ்சின், அதே கியர்பெட்டி கொண்ட கிரெட்டாவுக்கு 18.4. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 485 லிட்டருக்கு எதிராக 543 லிட்டர். 58 லிட்டர் அதிகம். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சாதாரண எஞ்சினில் வித்தியாசம் இன்னும் குறைவு. நாற்கரச் சாலையிலேயே வாழ்பவர் அல்லாத ஒருவர் மைலேஜை வைத்து முடிவெடுப்பது வீண் வேலை என்பது என் கருத்து. அத்தானுக்கு இது ஏமாற்றம். 'எஸ்யூவி பெட்ரோல் குடிக்கும்' என்று அலுவலக நண்பர் சொன்னதைத்தான் அவர் பெரிய வாதமாக வைத்திருந்தார்.

அடுத்து அவர் சொன்னது நிஜமான துயரம். "அடி தட்டுது மாப்ளே."

அவர் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. குடும்பத்தோடு போனால் பழைய கார் அதன்மேல் உரசாமல் போனதே இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் கார் வைத்திருப்பவருக்கு வயிற்றில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் வேகத்தடைக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் முறையான அளவு ஒன்றை வகுத்திருக்கிறது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வெட்டிய வில் போல அது இருக்க வேண்டும், அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் சங்கடமில்லாமல் ஏறி இறங்கலாம் என்பதற்கான அளவு அது.

இப்போது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. இந்த முறையான மேட்டின்மேல் காரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் நிற்கும்போது, அவற்றுக்கு நடுவே மேடு எவ்வளவு எழும்பி நிற்கும்? வெர்னாவின் இரு அச்சுகளுக்கு இடையே 2.67 மீட்டர். அதை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 5.2 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் மேட்டில் காரின் அடிவயிற்றை நெருங்குவது பாதிதான். மீதிப் பாதியைச் சக்கரங்களே ஏறிக்கொள்கின்றன. அதன் அடிவயிறு ஆள் ஏறாதபோது தரையிலிருந்து சுமார் 16.5 சென்டிமீட்டர். ஐந்து பேரும் பையும் ஏறினால் ஸ்பிரிங்குகள் அமுங்கி 4 சென்டிமீட்டர் இறங்கும் என்று வைப்போம். மிச்சம் 12.5. அதில் 5.2 போனாலும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. உரச வழியே இல்லை.

அத்தானின் தெரு வேகத்தடையை டேப் வைத்து அளந்தோம். இரண்டு பேர் நடுத்தெருவில் குந்தி அளப்பதைப் பார்த்துக் காய்கறி வண்டிக்காரர் கார்ப்பரேஷன் ஆட்கள் என்று நினைத்துவிட்டார். உயரம் 14 சென்டிமீட்டர். அகலம் இரண்டடிகூட இல்லை. அகலம் இல்லாததால் சக்கரங்கள் ஏறிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. முன்சக்கரம் இறங்கிய பின், பின்சக்கரம் ஏறுமுன், 14 சென்டிமீட்டரும் அப்படியே அடிவயிற்றுக்கு நேராக நிற்கிறது. 12.5-இல் 14 போகாது. கிரெட்டாவின் அடிவயிறு 19 சென்டிமீட்டர். ஆள் ஏறி அமுங்கினால் 15. ஒரு விரல்கட்டை இடைவெளியில் தப்பிக்கிறது.

செடானில் குறை ஒன்றும் இல்லை. தெருக்காரர்கள் கரண்டியால் போட்ட ஒரு சிமெண்ட் வரப்புக்காக அத்தான் உயரமான காரைத் தேட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் எஸ்யூவி ரகமாகிவிட்டதற்கு மோகம், விளம்பரம் என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். தெருமுனை வேகத்தடையை யாரும் சொல்வதில்லை.

இதற்காகச் செடானை நம் ஊருக்கு ஆகாதது என்று தள்ளவும் முடியாது. அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். அதுவும் டிக்கி வைத்த செடான்தான். நீளம் 4.3 மீட்டர், உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். கிட்டத்தட்ட இன்றைய கிரெட்டாவின் அளவு! பழைய செடான்கள் உயரமாகத்தான் இருந்தன; கதர் வேட்டியும் தலைப்பாகையும் குலையாமல் ஏறி உட்காரலாம். வேகச் சாலைகளும் எரிபொருள் கவலையும் வந்த பிறகு மற்ற செடான்கள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அது விட்டுப்போன உயரத்தில்தான் இப்போது எஸ்யூவி உட்கார்ந்திருக்கிறது.

உயரத்துக்கு விலை எங்கே கொடுக்கிறோம்? வளைவில்.

கார் வளைவில் திரும்பும்போது டயர்கள் தரையைப் பிடித்து உள்பக்கம் இழுக்கின்றன. வண்டியின் எடைமையமோ நேராகப் போகவே பார்க்கிறது. அடி ஒரு பக்கம், மேல் ஒரு பக்கம் என்றால் சாயத்தானே செய்யும். எளிதில் கவிழுமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். செடான்களுக்கு இது பொதுவாக 1.3 முதல் 1.5 வரை வரும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு சுமார் 0.8, 0.9. எண்களை ஒப்பிட்டால் தெரியும்: சமதளச் சாலையில் இரண்டுமே கவிழ்வதற்கு முன் வழுக்கிவிடும். ஆபத்து வழுக்கிய பிறகு வருகிறது. பக்கவாட்டில் சறுக்கும் சக்கரம் சென்டர் மீடியனிலோ சாலையோர மண்ணிலோ முட்டி நின்றுவிட்டால், கால் தடுக்கிய ஆள் மாதிரி வண்டி புரளும். உயரமான ஆள்தான் முதலில் விழுவார்.

1997 அக்டோபரில் சுவீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று ஒரு சோதனை நடத்தியது. அங்கே காடுகளிலிருந்து பெரிய மான்கள் திடீரென்று சாலைக்கு வரும். அதைத் தவிர்க்க ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்து மறுபடியும் திருப்பும் சோதனை அது. நமக்கு மானுக்குப் பதில் எருமை. புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ், உயரமான சிறிய கார், அதில் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை அந்தச் சிறிய காரிலும் எல்லாருக்கும் பொருத்தியது. வண்டி ஓட்டுநர் நினைத்த பக்கம் போகாமல் சறுக்கத் தொடங்கினால், இந்த அமைப்பு தானாக ஒரு குறிப்பிட்ட சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். உயரமான வண்டிகளை ஓரளவு பத்திரமாக்கியது இதுதான். அத்தான் சன்ரூஃபுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இது இல்லாத மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன்.

கவிழ்வது அபூர்வம். வாந்தி அன்றாடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். மரத்தின் நுனி அடியைவிட அதிகம் ஆடுவதுபோல, உயரத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை அதிகம் ஆடுகிறது. சாய்வைக் குறைக்கப் பொறியாளர்கள் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள். அப்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினாலும் தலை இடம் வலமாக வெட்டும். தாழ்ந்த செடானில் ஸ்பிரிங்கை மெத்தென்று விடலாம், சாய்வும் அதிகம் வராது. நாற்கரச் சாலையில் செடானில் போகிறபோது தூக்கம் வருவது இதனால்தான். இந்த ஒரு சுகத்தில் அதை அடிக்க ஆளில்லை.

டிக்கிக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். வெர்னாவில் 528 லிட்டர், கிரெட்டாவில் 433. ஐந்து பேர் பெட்டியோடு போக செடான். சைக்கிளோ வாஷிங் மெஷினோ ஏற்றப் பின்சீட்டை மடக்க எஸ்யூவி. அக்காவுக்கு இதில் வேறு கணக்கு. திருச்செந்தூரிலிருந்து வரும்போது வழியில் மீன் வாங்குவாள். செடானில் மீன் டிக்கிக்குள் தனியாக வரும். எஸ்யூவியில் குடும்பத்தோடு ஒரே அறையில் வரும்.

மழைக்கு எஸ்யூவி நல்லது என்று பலர் நம்புகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் பார்த்த பிறகு அத்தானும் அந்தக் கட்சி. காரின் தரைத்தட்டு சுமார் 5 சதுர மீட்டர். அதற்கு மேல் நீர் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏறும்போதும், உள்ளே நீர் புகாதவரை, அரை டன் அளவுக்கு வண்டியைத் தூக்கும். எடை ஒன்றே கால் டன் என்றால் 25 சென்டிமீட்டரில் கார் படகாகிவிடும்; ஓடும் நீரானால் அதற்கு முன்பே டயர் பிடிப்பை விட்டுவிடும். 16.5-க்கும் 19-க்கும் உள்ள இரண்டரை சென்டிமீட்டர் அங்கே எத்தனை நிமிடம் காப்பாற்றும்? மழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அந்த வரிசையில் எஸ்யூவிகளும் நிற்கத்தான் செய்கின்றன. தெருவில் தேங்கும் முழங்கால் அளவுக்குக் குறைந்த நீருக்கு உயரம் உதவும். அதற்கு மேல் திமிர்தான் ஓட்டுகிறது.

உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் ஆனித் தேர் பார்க்க முன்னால் நிற்பவர் ஸ்டூல் போட்டு ஏறினால் பின்னால் நிற்பவர் என்ன செய்வார்? அவரும் ஸ்டூல் தேடுவார். ஏறாமல் நிற்பவருக்குத் தேரே தெரியாது. செடானுக்குப் பின்னால் வரும் பைக்காரர் செடானின் கண்ணாடி வழியே முன்னால் நடப்பதைப் பார்த்துவிடுவார். எஸ்யூவிக்குப் பின்னால் அவருக்குத் தெரிவது ஸ்பேர் சக்கரமும் குலதெய்வத்தின் பெயரும்தான். இன்னொன்று, கண் உயரத்தில் இருந்தால் தரை மெல்ல நகர்வதுபோல் தோன்றும். 80-இல் போனாலும் மெதுவாகப் போவதுபோல் தெரியும்.

நடந்து போகிறவருக்கும் இந்த உயரத்தில் பங்கு உண்டு. தாழ்ந்த பானட் காலில் மோதும். ஆள் பானட்டின்மேல் சரிவார், அடி பரவும். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் பானட் இடுப்பிலோ நெஞ்சிலோ மோதி ஆளைக் கீழே தள்ளும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்தது. பானட் முனை 1 மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 76 சென்டிமீட்டருக்குக் குறைவான சரிந்த முகப்புள்ள கார்களைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல் என்று கண்டது. அவர்களுடைய வண்டிகள் நம்முடையவற்றைவிடப் பெரியவை. ஆனால் நம் ஊரில் நடைபாதை இல்லை. குழந்தைகள் காருக்கு முன்னால்தான் விளையாடுகிறார்கள். வாங்குபவர் போடும் பட்டியலில் இது ஒருபோதும் இருக்காது, ஏனென்றால் அடிபடுகிறவர் கார் வாங்கப்போவதில்லை.

இத்தனையும் சொல்லி முடித்தபோது அத்தான் கேட்டார்: "அப்ப செடான்தானா?" நானும் அநேகமாக ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். செடானின் சீட்டில் உட்காரும்போது இடுப்பு முழங்காலுக்கும் கீழே இறங்கியது. எழுந்திருக்க முழங்கால்மேல் விழும் முறுக்கு, உடலின் பாரம் முழங்காலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கூடும். தாழ்வான சீட்டில் அது அதிகம். உயர்ந்த சீட்டில் தொடை ஏற்கனவே பாதி நின்ற நிலையில் இருப்பதால் பாரம் பாதத்துக்கு நேராக வந்துவிடுகிறது. கிரெட்டா போன்ற நடுத்தர எஸ்யூவிகளின் சீட், நின்றபடி பின்னால் சாய்ந்தாலே உட்கார்ந்துவிடும் உயரம். பெரிய எஸ்யூவிகளுக்கு இந்தப் பெருமை கிடையாது. அவற்றில் படி வைத்து ஏற வேண்டும், பாட்டிக்கு அது மலையேற்றம்.

செடானிலிருந்து இரண்டு பேர் கை கொடுத்து எழுப்பினோம். எஸ்யூவியில் அவரே உட்கார்ந்தார், அவரே இறங்கினார், மறுபடி ஒருதரம் உட்கார்ந்து பார்த்தார். "இதுல யாரையும் கூப்பிடாண்டாம்லா" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் காற்றுத்தடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கே முன்பணம் கட்டினார், நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள மாடலுக்கு, சன்ரூஃப் இல்லை. வண்டி வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் மாநகராட்சி அந்தத் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டது, வேகத்தடையும் இருந்த இடம் தெரியாமல் போனது. அக்கா போன் செய்து சிரித்தாள். மறுவாரம் அவளே மறுபடியும் போன் செய்தாள். தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து புதிய வேகத்தடை போட்டுவிட்டார்களாம். அத்தான் டேப்போடு போய் அளந்திருக்கிறார்: 16 சென்டிமீட்டர்.